ஊசிக்குப் பின்னால் இருந்த முடிவுகள்: கொரோனா தடுப்பூசி இயக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி இயக்கம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. ஆண்டுகள் கடந்தும் கிராம சபையிலும் சுகாதார நிலைய வாசலிலும் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மருந்தின் அறிவியலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே உள்ளவை நிர்வாகம் பற்றியவை: யார் வாங்கினார்கள், யார் பங்கிட்டார்கள், யாரை முதலில் வரிசையில் நிறுத்தினார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

ஊசி போடறது நர்ஸம்மா. இதுல நிர்வாகம்னு தனியா என்ன இருக்கு?

ஒரு முகாமின் காலைப்பொழுதைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்னும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வயல்களை, அதாவது மருந்துக் குப்பிகளை எடுத்து, நான்கு ஐஸ் பேக் வைத்த கேரியரில் அடுக்குவார்கள். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்துவிடக் கூடாது. காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை வெளியே கிடக்க வேண்டும். பொறுக்காமல் வைத்தால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து உறைந்து கெட்டுப்போகும். இது செவிலியரின் கைப்பழக்கம்.

ஆனால் அந்தக் கேரியரில் பத்து வயல் இருக்குமா, இரண்டு இருக்குமா என்பது அவர் கையில் இல்லை. ஒதுக்கீடு டெல்லியில் முடிவாகும். சரக்கு விமானத்தில் சென்னை வந்து, பெரியமேட்டில் உள்ள ஒன்றிய அரசின் மருந்துக் கிடங்குக்கோ தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மாநிலக் கிடங்குக்கோ போகும். அங்கிருந்து மண்டலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி வரும். இதில் எந்தப் படியில் ஒரு நாள் தாமதமானாலும், மறுநாள் காலை ஊர் வாசலில் 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கும். திட்டு வாங்குவது மட்டும் செவிலியர்.

யாருக்கு முதல்ல, எந்த மருந்து, எத்தனை நாள் கழிச்சு ரெண்டாவதுன்னு யாரு முடிவு பண்ணாங்க?

ஒரே ஆள் அல்ல. மருந்தைப் பயன்படுத்த அனுமதி தருவது இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் 2021 ஜனவரி 3 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது. எத்தனை டோஸ், என்ன இடைவெளி என்று பரிந்துரைப்பது தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு. யாருக்கு முன்னுரிமை, எப்படி வாங்குவது, எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதைப் பார்க்க 2020 ஆகஸ்ட்டில் நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. பால் தலைமையில் தேசிய நிபுணர் குழு அமைந்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் பணிக்குழு. எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எந்த வண்டியில் மருந்து என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

வரிசை இப்படிப் போனது: முதலில் மருத்துவப் பணியாளர்கள், பிப்ரவரி 2 முதல் காவல்துறை, துப்புரவுப் பணியாளர் போன்ற முன்களத்தினர், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், 45-59 வயதில் இணைநோய் உள்ளவர்களும், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லாரும், மே 1 முதல் 18 வயது நிரம்பியவர்கள். இறப்பு முதியவர்களிடம்தான் மிக அதிகம் என்பதால் மேலிருந்து கீழே இறங்கியது சரியான முடிவு. தவறு மே 1இல் நடந்தது. முதியவர்களுக்கே போட்டு முடிக்காத நிலையில், கையில் மருந்தும் இல்லாமல் கதவை அகலத் திறந்துவிட்டார்கள்.

சுகாதாரம் மாநிலத்தோட பொறுப்புதானே? அப்புறம் ஏன் டெல்லியைப் பார்த்துக்கிட்டு நின்னோம்?

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில்தான் வருகின்றன. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29ஆவது இனம். அதற்கு மேல், கொரோனா காலத்தில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு நேரடியாக உத்தரவுகள் பிறப்பித்தது.

சட்டத்தைவிடப் பழக்கம் பெரிது. 1985இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்திலிருந்தே டெல்லி வாங்கும், மாநிலம் போடும். போலியோ சொட்டு மருந்து வீட்டு வாசலுக்கு வந்தது அப்படித்தான். வாங்குபவர் ஒருவர் என்றால் விலை குறையும். போடுபவர் உள்ளூர்க்காரர் என்றால் ஊர் நம்பும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டை 2021 மே 1 முதல் ஜூன் 20 வரை கலைத்துப் போட்டதுதான் இயக்கத்தின் மிகப் பெரிய நிர்வாகப் பிழை என்பது எங்கள் கருத்து. அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றியவை.

ஒரே மருந்துக்கு 150, 300, 600னு மூணு விலை எப்படி வந்துச்சு?

மே 1 முதல் உற்பத்தியை மூன்றாகப் பிரித்தார்கள். பாதி ஒன்றிய அரசுக்கு, கால் பங்கு மாநிலங்களுக்கு, கால் பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு. 45 வயதைக் கடந்தவர்களை ஒன்றிய அரசு பார்த்துக்கொள்ளும். 18-44 வயதினருக்கு மாநிலமே வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கோவிஷீல்டு ஒரு டோஸ் ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய். மாநிலங்களுக்கு முதலில் 400 என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் 300 ஆனது. தனியாருக்கு 600. கோவாக்சின் மாநிலங்களுக்கு 600இல் தொடங்கி 400க்கு இறங்கியது, தனியாருக்கு 1,200.

போட்டி இருந்தால் விலை குறையும் என்பது, விற்பவர் பலர் இருக்கும் சந்தைக்குப் பொருந்தும். இங்கே பெரிய அளவில் விற்றவர்கள் இரண்டே பேர், வாங்க நின்றவை எல்லா மாநிலங்களும். நெருக்கடி முழுக்க வாங்குபவர் தலையில் விழுந்தது. நாட்டின் 18 வயதைக் கடந்தோர் சுமார் 94 கோடி. ஆளுக்கு இரண்டு டோஸ் என்றால் 188 கோடி. அந்தக் கணக்கை வைத்துப் பேரம் பேச ஒரே ஒருவரால்தான் முடியும்.

தானாக முன்வந்து இந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், 18-44 வயதினருக்கான கொள்கை மேலோட்டமாகப் பார்க்கும்போதே தன்னிச்சையானதாகவும் அறிவுக்குப் பொருந்தாததாகவும் இருக்கிறது என்று மே 31 அன்று சொன்னது. பட்ஜெட்டில் தடுப்பூசிக்காக ஒதுக்கிய 35,000 கோடி ரூபாயை எப்படிச் செலவழித்தீர்கள் என்றும் கேட்டது. ஜூன் 7 அன்று பிரதமர் மாற்றத்தை அறிவித்தார். ஜூன் 21 முதல் முக்கால் பங்கை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகத் தந்தது. தனியார் ஒதுக்கீடான கால் பங்கு அப்படியே நீடித்தது. ஆனால் தனியாரால் உண்மையில் போடப்பட்டது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

தமிழ்நாடு உலக அளவுல டெண்டர் விட்டுச்சே, அது என்ன ஆச்சு?

2021 மே மாதம், 3.5 கோடி டோஸ் வாங்கத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உலகளாவிய டெண்டர் விட்டது. கடைசி நாள் வரை ஒருவரும் விலைப்புள்ளி தரவில்லை. வேறு சில மாநிலங்களுக்கும் இதே கதிதான். பஞ்சாப் அரசு கேட்டபோது, ஒன்றிய அரசோடு மட்டுமே பேசுவோம் என்று மாடர்னா பதில் சொன்னது.

காரணம் எளிது. அந்த நேரத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் உற்பத்தி, 2020லேயே முன்பணம் கொடுத்துப் பதிவு செய்த நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கவிளைவு வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அவை கேட்டன. அதை ஒரு மாநில அரசால் தர முடியாது.

செங்கல்பட்டுல தடுப்பூசித் தொழிற்சாலை சும்மாதானே கிடந்துச்சு? அதுல தயாரிச்சிருக்கலாமே?

செங்கல்பட்டு வளாகம் ஒன்றிய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்குடையது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 மே 25 அன்று அங்கே போய்ப் பார்த்தார். மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டார். நடக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்த அலைக்குள் மருந்து வந்திருக்காது. கட்டடம் இருந்தால் போதாது: மருந்தின் தொழில்நுட்பம் கைமாற வேண்டும், சோதனைத் தொகுதிகள் தயாரிக்க வேண்டும், ஒவ்வொன்றும் தரச் சோதனையில் தேற வேண்டும். அதற்கே பல மாதங்கள் ஆகும்.

உண்மையான இழப்பு அதற்கு முன்பே நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாச்சலத்தின் கசௌலி நிறுவனம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தையும், உற்பத்தித் தரவிதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008 ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள். 2010இல் திரும்பக் கிடைத்தது. தரக்குறைவு இருந்தால் பணம் போட்டுச் சரிசெய்திருக்க வேண்டும். அரசின் சொந்த உற்பத்தி பின்தங்கியதால்தான், 2021இல் பேரம் பேச உட்கார்ந்தபோது கையில் மாற்று இல்லை.

இடைவெளியை நாலு வாரம், ஆறு வாரம், பன்னெண்டு வாரம்னு நீட்டினது தட்டுப்பாட்டை மறைக்கத்தானே?

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கோவிஷீல்டின் இடைவெளி 4-6 வாரமாகத் தொடங்கி, மார்ச் 22 அன்று 6-8 வாரமாகவும், மே 13 அன்று 12-16 வாரமாகவும் மாறியது. இடைவெளி கூடினால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆறு வாரத்துக்குள் இரண்டாவது டோஸ் போட்டால் 55 சதவீதம், 12 வாரம் கழித்துப் போட்டால் 81 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு காட்டியிருந்தது.

ஆனால் டெல்டா வகைக்கு எதிராக ஒரு டோஸ் போதாது என்ற கவலை அப்போதே எழுந்துவிட்டது. இந்தியா இடைவெளியை நீட்டிய மறுநாள், மே 14 அன்று, அதே மருந்தைப் போட்டுக்கொண்டிருந்த பிரிட்டன் 50 வயதைக் கடந்தவர்களுக்கு 12 வாரத்தை எட்டாகக் குறைத்தது. நம் ஆலோசனைக் குழுவைச் சேர்ந்த சிலர், 8-12 வாரத்துக்குத்தான் ஒப்புக்கொண்டோம் என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். அரசு அதை மறுத்தது. குழு எதைப் பார்த்து முடிவெடுத்தது, யார் மாறுபட்டார்கள் என்பதை அன்றே வெளியிட்டிருந்தால் இந்தச் சந்தேகமே பிறந்திருக்காது. அறிவியல் சரியாக இருந்தும் ஊர் நம்பாமல் போவது இப்படித்தான்.

கோவின்ல பதிஞ்சாத்தான் ஊசின்னாங்க. போன் இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?

18-44 வயதினருக்கு மே 1 முதல் 24 வரை இணையப் பதிவு கட்டாயம். அன்றைக்குக் கோவின் பதிவுத் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஸ்லாட் திறந்த சில நொடிகளில் தீர்ந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஸ்லாட் திறந்ததும் எச்சரிக்கும் கருவிகளைச் செய்துகொண்டார்கள். நகரத்துக்காரர் காரில் கிராமத்துக்குப் போய் ஊசி போட்டுத் திரும்பினார். அந்த ஊர்க்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேவை மருந்தைவிடக் கூடுதலாக இருக்கும்போது, பதிவு செய்யும் முறையே யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்துவிடும். மேலே சொன்ன உத்தரவில் உச்ச நீதிமன்றம் இதையும் சுட்டிக்காட்டியது. மே 24 முதல் அரசு மையங்களில் நேரில் வந்து பதியும் வழி திறந்தது.

அடையாள அட்டையே இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. சாலையோரம் வாழ்பவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், சிறைவாசிகள் போன்றோரைப் பொறுப்பாளர் ஒருவர் வழியாகப் பதியலாம் என்று தனி நடைமுறையே வந்தது. பல முகாம்களில் இது தெரியாமலே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். உத்தரவு ஆட்சியர் அலுவலகம் வரை வந்துவிடும். பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அது நடக்கும்.

பத்து பேர் சேர்ந்தாத்தான் வயல் உடைப்போம்னு எங்கம்மாவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இது சரியா?

சரியில்லை, ஆனால் ஏன் நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். கோவிஷீல்டு வயலில் ஐந்து மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி, பத்துப் பேருக்கு. திறந்த வயலை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். ஆறு பேர் மட்டும் வந்திருந்தால் நான்கு டோஸ் வீண். மாநிலத்துக்கு ஒதுக்கீடு செய்யும்போது மக்கள்தொகை, நோய்ப் பரவல், இயக்கத்தின் வேகம் ஆகியவற்றோடு வீணாகும் அளவையும் பார்ப்போம், கூடினால் ஒதுக்கீடு குறையும் என்று ஜூன் விதிகள் சொல்லின. அந்தப் பயம் டெல்லியிலிருந்து துணை சுகாதார நிலையம் வரை இறங்கியது.

வீணாக்காமல் இருக்க நல்ல வழியும் உண்டு. வயலில் கணக்குக்கு மேல் சிறிது மருந்து இருக்கும். சிரிஞ்சில் காற்று புகாமல் அளந்து எடுத்தால் பதினோராவது டோஸ் கிடைக்கும். 2021 மே தொடக்கம் வரை கேரளம் பெற்றது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. அது செவிலியர்களின் கைத்திறன். பின்னர் தமிழ்நாட்டிலும் இப்படிக் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் மலைக்கிராமத்துக்கும் அதே அளவுகோலை வைப்பது அநியாயம். இரண்டு பஸ் மாறி வந்த 70 வயது அம்மாவைத் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவார் என்று என்ன நிச்சயம்? ஆறு பேருக்குப் போட்டு நான்கைக் கொட்டுவதே லாபம்.

மெகா முகாமை ஞாயித்துக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு ஏன் மாத்தினாங்க?

தமிழ்நாட்டின் முதல் மெகா முகாம் 2021 செப்டம்பர் 12, ஞாயிறு. 40,000 இடங்கள், 20 லட்சம் இலக்கு. போட்டது 28 லட்சத்துக்கு மேல். அதற்குள் மருந்து தாராளமாக வரத் தொடங்கிவிட்டது. ஆட்களைத் தேடிப் போவதுதான் வேலையாக இருந்தது. ஞாயிறு கறிச்சோறும் சிலருக்கு மதுவும் உள்ள நாள். அவை இருந்தால் ஊசி கூடாது என்ற நம்பிக்கையில் பலர் வரவில்லை என்பது தெரிந்து, அக்டோபரில் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கறி சாப்பிட்டால் ஊசிக்கு ஒன்றும் ஆகாது என்று பாடம் நடத்திக்கொண்டிருக்காமல், கிழமையை மாற்றினார்கள். மக்களின் வாரத்தைத் தெரிந்துவைத்திருப்பவர் செய்யும் வேலை அது.

நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டு நாள்ல இறந்தாரே. உண்மையை மறைச்சாங்களா?

விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களை ஊக்குவிக்க எல்லார் முன்னிலையிலும் போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்தார். இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். இப்படிப்பட்ட இறப்பை மாவட்ட, மாநில, தேசியக் குழுக்கள் ஆவணங்களோடு ஆராய்ந்து வகைப்படுத்த வேண்டும். அந்தத் தேசிய ஆய்வின் முடிவும் அதையேதான் சொன்னது. ஆனால் அது வெளியே வந்தது அக்டோபரில்.

ஆறு மாதம் என்பது வதந்திக்கு நீண்ட காலம். இடைவெளி மாற்றத்தில் சொன்ன அதே குறை இங்கேயும்: முடிவு சரி, அது வந்த வேகம் தவறு. எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் இறக்கும்போது, இன்ன ஆவணங்கள் கிடைத்துள்ளன, இன்னது பாக்கி என்று வாரம் ஒருமுறையாவது அறிவிக்க வேண்டும்.

நமக்கே இல்லாதப்ப வெளிநாட்டுக்கு ஏன் அனுப்பினாங்க?

2021 ஜனவரி 20 முதல் மார்ச் இறுதி வரை ஆறு கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் வெளியே போயின. நன்கொடையும் உண்டு, நிறுவனத்தின் விற்பனையும் உண்டு, ஏழை நாடுகளுக்கான கோவாக்ஸ் ஒப்பந்தமும் உண்டு. மேலே பார்த்த 188 கோடிக்கு அது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. ஆனால் மார்ச் இறுதி வரை உள்நாட்டில் போட்டதும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், வேதனை நியாயமானது. பெரிய கோளாறு ஏற்றுமதியில் இல்லை, ஆர்டரில் இருந்தது. ஜனவரியில் ஒன்றிய அரசு கோவிஷீல்டுக்குத் தந்த முதல் ஆர்டர் 1.1 கோடி டோஸ். உற்பத்தியைப் பெருக்க நிறுவனங்களுக்குப் பெரிய முன்பணம் கிடைத்தது ஏப்ரலில், இரண்டாம் அலை எரிந்துகொண்டிருந்தபோது.

ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியதன் வலியை இலங்கை அறியும். ஜனவரி 28 அன்று இந்தியா அனுப்பிய ஐந்து லட்சம் கோவிஷீல்டை வைத்துத்தான் அங்கே இயக்கம் தொடங்கியது. மருந்து வரத்து நின்றதும், முதல் டோஸ் போட்ட சுமார் ஆறு லட்சம் பேர் இரண்டாவதுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை இறுதியிலிருந்து ஜப்பான் தந்த மருந்து வந்த பிறகுதான் வழி பிறந்தது.

நூறு கோடி, இருநூறு கோடி டோஸ்னு சாதனை சொல்றாங்க. நம்பலாமா?

மொத்தக் கணக்கு உண்மை: 2021 அக்டோபர் 21 அன்று நூறு கோடி, 2022 ஜூலை 17 அன்று இருநூறு கோடி. இவ்வளவு பெரிய நாட்டில் இது எளிய வேலை அல்ல. கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஒருநாள் சாதனைகளைக் கவனமாகப் படியுங்கள். 2021 ஜூன் 20 அன்று மத்தியப் பிரதேசம் ஆயிரம் பேருக்குக்கூடப் போடவில்லை. 21 அன்று 16 லட்சத்துக்கு மேல். 22 அன்று ஐயாயிரத்துக்கும் கீழே. சேர்த்து வைத்து ஒரே நாளில் போட்டால் தலைப்புச் செய்தி கிடைக்கும். காத்திருந்தவர்களுக்கு அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காது.

உங்கள் வட்டாரத்தின் கணக்கைப் பார்க்க இரண்டே எண்கள் போதும்: 60 வயதைக் கடந்தவர்களில் இரண்டு டோஸும் முடித்தோர் எத்தனை பங்கு, இரண்டாவது டோஸுக்குத் தேதி கடந்தும் வராதவர்கள் எத்தனை பேர்.

ஊசி போடலைன்னா கடைக்குள்ள விடமாட்டோம்னாங்களே. கட்டாயப்படுத்தலாமா?

ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். தொற்று குறைந்திருந்த அன்றைய நிலையில், ஊசி போடாதவர்களை மட்டும் பொது இடங்களில் தடுப்பது அளவுக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. தடுப்பூசிக் கொள்கை தவறு என்று அது சொல்லவில்லை. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊசியால நிஜமாவே பாதிப்பு வந்தா யார் பொறுப்பு? நஷ்டஈடு உண்டா?

அரிதாக வரும், உடனடி ஒவ்வாமை அதில் முக்கியமானது. முகாமில் 30 நிமிடம் உட்காரவைத்ததும், பக்கத்திலேயே அட்ரினலின் ஊசி வைத்திருந்ததும் அதற்காகத்தான். பிரிட்டனில் கடும் ஊனமோ இறப்போ நேர்ந்தால், யார் தவறு என்று வழக்காடாமலே 1,20,000 பவுண்டு தரும் திட்டம் உண்டு. இந்தியாவில் இயக்கம் நடந்த காலத்தில் அப்படி எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்தையோ நுகர்வோர் மன்றத்தையோ நாடலாம் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டது அரசு. கேட்டு வந்தவருக்குத் தீங்கு நேர்ந்தால் முதல் கையும் அரசுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எந்தத் தடுப்பூசிக்குப் பின்னும் கடும் பாதிப்பு வந்தால், சான்றிதழில் உள்ள மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், ரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இறப்பு என்றால், எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் உடற்கூறாய்வுக்குச் சம்மதியுங்கள். ஆய்வுக் குழுவிடம் போதிய ஆவணம் இல்லையென்றால், அந்த வழக்கு 'வகைப்படுத்த இயலாதது' என்ற பட்டியலுக்குப் போய்விடும். ஊசியால் ஆனதா இல்லையா என்பது குடும்பத்துக்குத் தெரியாமலே போகும்.